நொச்சிக்கு இடம் இல்லை

சில ஆண்டுகள் ஒரு கலைக்களஞ்சியப் பணியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஒருவருக்கு 150 சொற்கள் என்பது அங்கே கணக்கு. அரசரானாலும் அறிஞரானாலும் அந்தக் கட்டத்துக்குள் அடங்கியாக வேண்டும். அப்படி என் மேசைக்கு வந்தவர்தான் 16-ஆம் நூற்றாண்டு ஹங்கேரியப் பிரபு, கோட்டைத் தலைவர் டோபோ இஷ்த்வான்.

முதல் தவறு என்னுடையது. அவர் காத்த ஊரின் பெயரை ஆங்கில எழுத்துக் கூட்டலைப் பார்த்து ‘ஈஜர்’ என்று எழுதிவிட்டேன். அந்த ஊர்க்காரர்கள் சொல்வது எகெர். அச்சுப்படி வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. மூன்று இடங்களில் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினேன். ஊர்ப் பெயரைக்கூடச் சரியாகக் கேட்டறியாமல் ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுதிவிட்டோமே என்று மனம் உறுத்தியது. அன்று மாலையே அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1552-ஆம் ஆண்டுக் கோடை ஹங்கேரிக்குக் கொடுங்காலம். ஓட்டோமன் துருக்கியப் படைகளின் முன் கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தெமெஷ்வாரில் பத்திரமாக வெளியேறலாம் என்ற வாக்கை நம்பிக் கதவைத் திறந்த தலைவர் லோஷொன்சி கொல்லப்பட்டார். சொல்னோக்கில் கூலிப்படையினர் கோட்டையைக் கைவிட்டு ஓடினார்கள். அடுத்தது எகெர். உள்ளே ஏறத்தாழ 2,000 பேர். அவர்களில் பெண்களும் குடியானவர்களும் உண்டு. வெளியே 35,000-க்கும் மேற்பட்ட படை. சரணடைதல் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று உள்ளே இருந்தவர்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள்.

தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. மதிலை வளைப்பது உழிஞை. மதிலைக் காப்பது நொச்சி. ‘முற்றுகையை எதிர்கொண்டார்’ என்று எழுதியிருந்த இடத்தில் ‘நொச்சிப் போர் புரிந்தார்’ என்று எழுதக் கை துடித்தது. எங்கோ நடந்த போருக்கு நம் புறத்திணையில் ஒரு பெயர் காத்திருந்ததைப் போல் இருந்தது.

அக்டோபர் 4 அன்று கோட்டைக்குள் இருந்த வெடிமருந்துக் கிடங்கே வெடித்துச் சிதறியது. அதோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. போர்னெமிஸ்ஸா கெர்கெய் என்ற அதிகாரி, கிடைத்த பொருள்களைக் கொண்டே வெடிகள் செய்யும் வேலையில் இறங்கினார். ஓர் ஆலைச் சக்கரத்துக்குள் வெடிமருந்தையும் எளிதில் தீப்பற்றும் பொருள்களையும் அடைத்து, கொளுத்தி, எதிரிகள் நடுவே உருட்டிவிட்டார்கள். பெண்கள் மதில் மேல் நின்று கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள். ஐந்து வாரங்களுக்கு மேல் போராடியும் கோட்டை விழவில்லை. குளிர் நெருங்க, வந்த படை திரும்பிப் போனது.

என் முதல் வரைவு இந்த இடத்தில் முடிந்துவிட்டது. ‘இறந்த ஆண்டைச் சேர்த்துவிடுங்கள் ஐயா, போதும். இடம் இல்லை’ என்றார் பொறுப்பாசிரியர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கக் கணக்கு அவர் தலையில்தான் இருந்தது. ஆனால் நான் படித்திருந்தது அதற்குப் பிந்திய இருபது ஆண்டுகளை.

ஹங்கேரி மன்னர் ஃபெர்டினாண்டிடமிருந்து கடைசிவரை உதவிப் படை வரவில்லை. வெற்றி பெற்ற கையோடு டோபோவும் அவருடைய அதிகாரிகளும் பதவியைத் துறந்தார்கள். ‘பதவி விலகினார்’ என்று மட்டும் எழுதினால், களைத்துப்போய் வீட்டுக்குத் திரும்பியவராகவே வாசகர் நினைப்பார். ‘உதவி அனுப்பாத மன்னரைக் கண்டித்து’ என்று சேர்த்தேன். நான்கே சொற்கள். அவற்றுக்காகத்தான் பொறுப்பாசிரியரிடம் போய் நின்றேன். டோபோவின் குலமுறை பற்றிய வரியை எடுத்துவிடுகிறேன், இதை விட்டுவையுங்கள் என்று கேட்டேன். சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், தம் பேனாவாலேயே குலமுறையை அடித்தார்.

எகெரில் டோபோவுக்குப் பின் தலைமை ஏற்ற போர்னெமிஸ்ஸா 1554-இல் ஓட்டோமன்களிடம் பிடிபட்டு, கான்ஸ்டான்டிநோபிளில் கொல்லப்பட்டார். டோபோவைத் திரான்சில்வேனியாவின் ஆளுநராக்கினார்கள். அங்கே ஆட்சி மாறியபோது அவரும் பிடிபட்டுச் சிறையிலிருந்து தப்பி வந்தார். பிறகு 1569-இல், எதிரிகள் அல்ல, அவருடைய சொந்த மன்னரே அவரைத் துரோகி என்று குற்றஞ்சாட்டிச் சிறையில் அடைத்தார். அப்போது மன்னராக இருந்தவர் ஃபெர்டினாண்டின் மகன் மாக்சிமிலியன். டோபோ அறுபதைக் கடந்த முதியவர்.

இன்று எகெர் கோட்டையின் வீரர் மண்டபத்தில் அவருடைய கல்லறைக் கல் இருக்கிறது. நான் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கவசம் அணிந்த உருவம் ஒன்று அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. சிறையில் கழிந்த ஆண்டுகளை அந்த உருவத்தில் பார்க்க முடியாது. எழுத்தில்தான் சொல்ல முடியும்.

பதிவு அச்சானது. கடைசி வரி இது: ‘1569-இல் துரோகக் குற்றச்சாட்டில் சிறைப்பட்டு, 1572-இல் விடுதலையாகி, அதே ஆண்டில் இறந்தார்.’ எண்ணிப் பார்த்தேன், சரியாக 150 சொற்கள். நொச்சியை மட்டும் எங்கும் சேர்க்க முடியவில்லை.