ஒய் அழுத்திய கை

செப்டம்பர் 4, 2025, வியாழன்

நேற்று ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில் அறிவிப்பு. 12 சதவீதமும் 28 சதவீதமும் போச்சு. இனி பெரும்பாலும் 5, 18தான். காலை ஏழு மணிக்கே மதுரை கீழமாசி வீதியிலிருந்து, நான் பில் புரோகிராம் எழுதிக் கொடுத்த மளிகைக் கடையிலிருந்து போன்.

"அண்ணே, நெய்க்கு இப்பவே 5 போட்டுரலாமா?"

"22ந் தேதியிலருந்துதான். அதுவரைக்கும் 12."

"அதுவரைக்கும் எவன்ணே நெய் எடுப்பான்?"

அதற்கு என் புரோகிராமில் வழியில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

வரி மாறுகிறது என்றாலே இன்னும் வயிறு கலங்குகிறது. 2007 ஜனவரி 1ல் தமிழ்நாட்டில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்தபோது, ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் வரி விகிதத்தைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். மடத்தனம். கடை கடையாக ஏறி இறங்கி மாற்றினேன். அப்புறம்தான் விகிதத்துக்குத் தனி டேபிள், பக்கத்தில் 'எந்தத் தேதி முதல்'. இந்த முறை அந்த டேபிளில் பொருளுக்கு ஒரு புது வரிசை சேர்த்தால் முடிந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பரணில் பழைய ஃபிளாப்பி டப்பா கிடைத்தது. ஃபாக்ஸ்புரோவுக்கும் முந்தின டேட்டாபேஸ், டிபேஸ் த்ரீ பிளஸ் காலம். என் முதல் மளிகை மண்டி, அதன் கணக்குப்பிள்ளை ஞாபகம் வந்தது. இடது கையில் சிட்டை, வலது கை எண் விசைகளை விட்டு நகராது. டெபிட், கிரெடிட் என்றால் முகம் சுளிப்பார். அந்தக் கால டாஸ் கம்ப்யூட்டர் திரையில் தமிழ் ஏது? ஆங்கில எழுத்திலேயே 'பற்று', 'வரவு' என்று அடித்துக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் சிரித்தார்.

ஒருநாள் அன்றைய பில் மொத்தமும் காணோம். அழிக்கும் முன் 'நிச்சயமா? ஒய்/என்' (ஆமா/இல்லை) என்று திரை கேட்டிருக்கிறது.

"அது எப்பவும் கேக்குறதுதானே தம்பி, ஒய் போட்டேன்."

ஒவ்வொரு பில்லைச் சேமிக்கும்போதும் அதே கேள்வியை வைத்தவன் நான். கை பழகிவிட்டது. டிபேஸில் டெலிட் என்பது வெறும் குறிதான். ரீகால் கொடுத்தால் திரும்பி வரும். நானோ கெட்டிக்காரத்தனமாக உடனே 'பேக்' கட்டளையும் போட்டு ஒரேயடியாகத் துடைக்க வைத்திருந்தேன். கார்பன் நகல்களைப் பார்த்து இருவரும் விடிய விடிய அடித்தோம். அவர் ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு என் மென்பொருள் எதிலும் பில் அழியாது, 'ரத்து' என்று நிற்கும். கேள்வியும் கேட்காது.

செப்டம்பர் 22, திங்கள்

நவராத்திரி முதல் நாள். வரி மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. மதியம் கவுண்டர் பிள்ளையிடமிருந்து போன்: "அண்ணே, திரும்பி வந்த நெய் டின்னுக்கு 12 காட்டுது, தப்பு." தப்பில்லை. 18ந் தேதி பில்; அன்றைய விகிதத்தில்தான் கழிக்க வேண்டும். ஆனால் அது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ராத்திரி திரையில் ஒரு வாசகம் சேர்த்தேன்: 'பழைய பில், 18.09. அதனால் 12%'.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மண்டியில் பொரி, சுண்டல் கொடுத்தார்கள். கீபோர்டுக்கும் சந்தனம், குங்குமம். எண்டர் பொத்தான் ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை புதுசு ஒன்று வாங்கிப் போகணும்.