வீட்டுக்காரர் யாரு? அட்டையில் ஒரு பேய் மாளிகை

ரைடு முடிந்து வெயிலுக்கு வந்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ள. ஆயிரம் பேர் குடியிருக்காங்க, சரி. வீட்டுக்காரர் யாரு?"

கலிஃபோர்னியாவில், அனஹைம் டிஸ்னிலேண்டில் இருக்கும் ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகை ரைடுக்குள் நான் முப்பது தடவையாவது போயிருப்பேன். பாட்டு மனப்பாடம், எந்த வளைவில் எந்தப் பேய் எழும்பும் என்பது மனப்பாடம். மாமா திருநெல்வேலியிலிருந்து வந்து முதல் தடவை ஏறி இறங்கிவிட்டு நேராக அஸ்திவாரத்தில் கைவைத்துவிட்டார். ஊரில் பாழடைந்த வீட்டைப் பார்த்தால் நாம் கேட்பதும் அதைத்தானே: இது யார் வீடு, ஏன் பூட்டிக் கிடக்கு, யார் செத்தது?

அன்று ராத்திரியே முடிவு செய்தேன். மாளிகையைச் சாப்பாட்டு மேசை அளவில் ஃபோம் போர்டில் கட்டுவது. எந்த அறையைக் கட்டினாலும், அதில் இருக்கும் செத்தவர் யார், எப்படிச் செத்தார் என்று ரசிகர்கள் சொல்லும் கதைகளில் ஒன்றை எடுத்து, அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அறைக்குப் போவது. நான்கு மாதம் ஆகிறது. இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முகப்பில்தான் தொடங்கினேன். வெள்ளைத் தூண்களுக்குப் பேப்பர் ஸ்ட்ரா. பால்கனியைச் சுற்றி வரும் இரும்புப் பூவேலைக்குக் கறுப்பு அட்டையைக் கட்டரால் அறுத்து எடுத்தேன். ஒரு பக்கத்துக்கு நாலு சாயங்காலம் போனது. கூரைக்கு வந்தபோதுதான் முப்பது தடவை பார்த்தும் கண்ணில் படாத ஒன்று பட்டது. உச்சியில் இருக்கும் காற்றுத்திசை காட்டி ஒரு பாய்மரக் கப்பல். ஒரு வீட்டின் தலையில் கப்பல் எதற்கு?

ரசிகர்கள் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொல்கிறார்கள்: இது ஒரு கப்பல் கேப்டனின் வீடு. வெறும் ஊகம் என்று தள்ள முடியாது. 1957-ல் டிஸ்னி கலைஞர் கென் ஆண்டர்சன் இந்த வீட்டுக்காக எழுதிப் பார்த்த கதைகளில் ஒன்று கேப்டன் கோர் என்பவனுடையது. அவன் கடல்கொள்ளைக்காரனாக இருந்தவன் என்ற உண்மை இளம் மனைவிக்குத் தெரிய வருகிறது. அவளைக் கொல்கிறான், பிறகு தானும் தூக்கில் தொங்குகிறான். அந்தக் கதையைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் உள்ளே தாழ்வாரத்தில் மின்னல் வெட்டும்போது ஒரு கப்பல் ஓவியம் பேய்க் கப்பலாக மாறுகிறது, கூரையில் கப்பல் நிற்கிறது. கதை போன பிறகும் தடம் மிச்சம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கப்பலைத் தீக்குச்சியில் செய்தேன். மொத்த மாடலில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அது.

முகப்பைப் பற்றி இன்னொரு கதை உண்டு, அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டின் வெளிப்புறம் 1963-ல் கட்டி முடிந்தது, ஆனால் ரைடு திறந்தது 1969 ஆகஸ்ட் 9-ல். நடுவில் ஆறு வருஷம் சும்மா நின்றது ஏன்? முன்னோட்டம் பார்க்க வந்த ஒருவர் பயத்தில் மாரடைப்பால் செத்துப்போனார், அதனால் உள்ளே எல்லாவற்றையும் மாற்றினார்கள் என்று இன்றும் சொல்வார்கள். நிஜக் காரணம் வேலைப்பளு. 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சிக்குக் கலைஞர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி இறந்தார். அதற்குப் பிறகு, ரைடை வடிவமைத்தவர்களில், வீடு பயமுறுத்த வேண்டும் என்று கிளாட் கோட்ஸும், சிரிக்க வைக்க வேண்டும் என்று மார்க் டேவிஸும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். முதல் பாதி ஆளில்லாத தாழ்வாரமும் கதவைத் தட்டும் சத்தமுமாக இருப்பதும், பின்பாதி கல்யாண வீடு மாதிரி கூத்தும் பாட்டுமாக இருப்பதும் அதனால்தான். அறை அறையாகக் கட்டும்போது இந்த ஒட்டு கையிலேயே தட்டுப்படுகிறது. ஒரே மனசில் பிறந்த வீடு இல்லை இது. ரசிகர்களுக்குக் கதை கட்ட இடம் கிடைத்ததும் இங்கேதான்.

சுவரும் அதில் உள்ள ஓவியங்களும் மேல்நோக்கி நீள்வது போல் காட்டும் நீளும் அறையைச் சீக்கிரம் முடித்துவிட்டேன். அனஹைமில் அது நிஜத்தில் ஒரு லிஃப்ட். ரைடின் பெரும்பகுதி பூங்காவைச் சுற்றும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் ஆட்களைக் கீழே இறக்கி அடியில் கூட்டிப் போகிறார்கள். ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் இதே மாளிகைக்கு அந்தத் தேவை இல்லை, அங்கே கூரைதான் மேலே போகும். எனக்குத் தீப்பெட்டி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இரண்டு அட்டைக் கூடு போதுமாயிருந்தது.

இந்த அறையில் கூரைக்கு மேலே ஒரு உடல் தூக்கில் தொங்கும். வழிகாட்டிக் குரலே, தான் வெளியேறிய வழி அதுதான் என்று சொல்லாமல் சொல்லும். அந்தக் குரல்தான் வீட்டுக்காரர், அவர் பெயர் மாஸ்டர் கிரேசி என்பது ரசிகர்களிடம் மிகப் பரவலான கதை. ஃபுளோரிடாவில் வாசல் கல்லறைக் கல் ஒன்றில் அந்தப் பெயர் இருப்பதுதான் சாட்சி. நானும் பத்து வருஷம் அதை நம்பியவன். ஆனால் அங்குள்ள கற்கள் ரைடை உருவாக்கிய கலைஞர்களுக்கு மரியாதையாக வைத்தவை. கிரேசி என்பது மாயக்காட்சிகளைச் செய்த யேல் கிரேசி. 'மாஸ்டர்' என்றால் எஜமான் என்று நாம் எடுத்துக்கொண்டோம். பழைய ஆங்கில வழக்கில் சின்னப் பையனையும் அப்படித்தான் அழைப்பார்கள். 2003-ல் வந்த சினிமாவும் வீட்டுக்காரருக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டதால் கதை இறுகிவிட்டது. மாடலின் வாசலில் ஒட்ட அந்தப் பெயரை எழுதி வைத்திருந்தேன். ஒட்ட மனசு வரவில்லை.

இனி நடன மண்டபம். நான்கு மாதத்தில் இரண்டு மாதம் இதற்கே போனது.

இதில் இருப்பது பெப்பர்ஸ் கோஸ்ட் என்ற உத்தி. 1862-ல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் காட்டிப் பிரபலமாக்கியது. நாம் போகும் பால்கனிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் பெரிய கண்ணாடி நிற்கிறது. பேய்ப் பொம்மைகள் மண்டபத்தில் இல்லை. நமக்கு மேலேயும் கீழேயும் கறுப்பு அடித்த இடத்தில் ஒளிந்திருக்கின்றன. அவற்றின் மேல் விளக்கு விழுந்தால் கண்ணாடியில் பிம்பம் தெரியும், விளக்கு அணைந்தால் பேய் மறையும்.

நான் 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டை நிறுத்தினேன். விளக்கைப் போட்டதும் ஒவ்வொரு பேய்க்கும் பக்கத்தில் மங்கலாக இன்னொரு பேய். ஷீட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாகப் பிரதிபலிக்கின்றன. 1 மி.மீ. ஷீட்டுக்கு மாறியதும் இரண்டு பிம்பமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆனால் மெல்லிய ஷீட் நடுவில் வளைந்து, ஆடும் பேய் அலையில் மிதப்பது போல் நெளிந்தது. நாலு பக்கமும் மரச்சட்டம் அடித்த பிறகு அடங்கியது.

நாற்காலியில் பேயை உட்கார வைப்பது அதைவிடக் கஷ்டம். கண்ணாடிக்குப் பின்னால் 12 செ.மீ. தள்ளி நிஜ நாற்காலி இருந்தால், களிமண் பொம்மை முன்னால் சரியாக அதே 12 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். அரை செ.மீ. தப்பினாலும் பேய் நாற்காலியின் முதுகுக்குள் உட்காருகிறது. ஒரு ஞாயிறு முழுக்க ஸ்கேலும் கையுமாக இருந்தேன். கடைசியில் அந்தக் கிழவி நாற்காலியில் பொருந்தி உட்கார்ந்து, பின்னால் இருக்கும் கதவு அவள் உடம்பு வழியே தெரிந்தபோது என் மகள் கை தட்டினாள்.

இந்த மண்டபத்தில் எனக்கென்று ஒரு தியரி இருந்தது. ஜோடிகள் ஆடுவதை உற்றுப் பார்த்தால், ஆட்டத்தை நடத்திச் செல்வது பெண்கள். வால்ட்ஸில் ஆண்தான் நடத்துவான். அப்படியானால் இந்த வீட்டில் பெண் சொல்தான் செல்லும், வீட்டுக்காரர் ஒரு அம்மாள் என்று எனக்குள் ஒரு நூல் பிடித்து வைத்திருந்தேன். பொம்மை ஜோடியைச் செய்யும்போது ஆணின் வலது கையை அவள் முதுகில் முறைப்படியே வைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் அது இடது கை! பிம்பம் இடம் வலம் மாறுகிறது, அவ்வளவுதான். எத்தனை வருஷம் மனசில் வைத்திருந்த தியரி, ஆறு செ.மீ. பொம்மை ஒன்றில் முடிந்துபோனது. வருத்தம் இருந்தது. ஆனால் கட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் இது எனக்குத் தெரியவே வந்திருக்காது.

பரணில் மணப்பெண் நிற்கிறாள். 1969-லிருந்தே அவள் உண்டு: கையில் மெழுகுவர்த்தி, நெஞ்சில் துடிக்கும் சிவப்பு இதயம், பெயர் கிடையாது. பக்கத்தில் தொப்பிப் பெட்டியோடு ஒரு பேய் இருந்தது. அவள் இதயம் துடிக்கத் துடிக்க அவன் தலை கழுத்திலிருந்து மறைந்து பெட்டிக்குள் தெரியும். இருவருக்கும் என்ன உறவு என்பதில்தான் எத்தனை கதை! தலை மறைவது சரியாக வேலை செய்யாததால் திறந்த கொஞ்ச நாளிலேயே அவனை எடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் விடவில்லை, நாற்பத்தைந்து வருஷம் அவனைப் பற்றியே பேசினார்கள். 2015-ல் அவன் திரும்பி வந்தான்.

நானும் இரண்டு எல்இடியை மாறி மாறி எரிய வைத்தேன். முகத்து விளக்கு அணைந்தாலும் பெட்டி விளக்கின் வெளிச்சம் தாடையில் பட்டு முகம் தெரிந்துகொண்டே இருந்தது. எல்இடி மேல் கறுப்பு ஸ்ட்ராவை மூடி போல் வெட்டி மாட்டியதும் முகம் முழுசாக இருட்டில் போனது.

2006-ல் மணப்பெண்ணுக்குப் பெயரும் குற்றமும் கொடுத்தார்கள். கான்ஸ்டன்ஸ் ஹாட்சவே, ஐந்து புருஷர்களைக் கோடரியால் கொன்றவள். ஒவ்வொரு கல்யாணப் படத்திலும் அவள் கழுத்தில் முத்துமாலை ஒன்று கூடும். கடைசிப் புருஷன் ஜார்ஜ் ஹைடவர். நீளும் அறையில், தலையில் கோடரி பாய்ந்த ஜார்ஜின் கல்லறை மேல் உட்கார்ந்திருக்கும் மார்க் டேவிஸின் கைம்பெண் ஓவியத்தோடு இதைத் தைத்தது அழகான வேலை. அதே வருஷம் டோக்கியோவில் திறந்த ரைடு ஒன்றின் நாயகனுக்கும் ஹைடவர் என்றே பெயர் என்பதால், இருவரும் ஒரே குடும்பம் என்று ரசிகர்கள் வம்சாவளி போட்டார்கள். ஆனாலும் என் மனசு ஒப்பவில்லை. கொலைகாரி என்று சொன்னதும் அவளைப் பற்றிக் கேட்க ஒன்றும் மிஞ்சவில்லை. 2025-ல் அனஹைமில் பெயரில்லாத மணப்பெண்ணையே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். மாமா பார்த்தது அவளைத்தான். காரில் வரும்போது கேட்டார்: "கல்யாணம் ஆகிச் செத்தவளா மாப்பிள்ள, ஆகாமச் செத்தவளா?" ஊரில் கல்யாணமாகாமல் போன பெண் கன்னித் தெய்வமாகி வீட்டுக்குள்ளேயே நிற்பாள். அவருக்கு அது முக்கியமான வித்தியாசம். எனக்கும் இப்போது அப்படித்தான்.

கடைசியாக வாசல் முற்றம். ஃபுளோரிடாவில் வெளியேறும் வழித் தரையில் வட்டமாக ஒரு உலோகத் துண்டு பதிந்திருந்தது. ஜன்னலிலிருந்து மணப்பெண் எறிந்த மோதிரம் அது என்று ரசிகர்கள் கதை சொன்னார்கள், தேடிப் போய்ப் பார்த்தார்கள். உண்மையில் அறுத்து எடுத்த கம்பத்தின் அடிக்குழாய். தரையைப் புதுப்பித்தபோது அது போய்விட்டது, ரசிகர்கள் துடித்துப் போனார்கள். 2011-ல் புதிய வரிசைப் பாதை அமைத்தபோது கலைஞர்களே நிஜமாக ஒரு மோதிரத்தைத் தரையில் பதித்து வைத்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் முற்றத்துக்குப் பிளாஸ்டர் ஊற்றி அது இறுகும் முன், செம்புக் கம்பியை வளைத்து மகளிடம் கொடுத்தேன். அவள் கட்டை விரலால் அழுத்தினாள். விரல்ரேகையும் சேர்ந்து பதிந்திருக்கிறது, அதை நான் தேய்க்கவில்லை.

போன வாரம் வீடியோ காலில் மாமாவுக்கு மாடலைச் சுற்றிக் காட்டினேன்.

"கப்பல்காரர் வீடு மாமா. மேல தொங்குறது அவர்தான். மத்தவங்க எல்லாம் பிறகு குடிவந்தவங்க."

"அப்ப பரண்ல நிக்கிற பிள்ள?"

"அவர் சம்சாரம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவளுக்கு ஒரு விளக்கு வச்சீங்களா?"

"கையிலேயே வச்சிருக்கா மாமா."

போனை வைத்த பிறகு அந்த மெழுகுவர்த்தியின் வெள்ளை எல்இடியைக் கழற்றிவிட்டு மஞ்சள் போட்டேன்.