காண்டாமிருகமும் கரண்ட் கட்டும்

"நம்ம கவர்னர் ஒரு ரைனோ" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். 2021 கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வாசலில் சருகு கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் கையில் காப்பிக் கோப்பையோடு வேலியோரம் நின்றிருந்தார்.

நம் ஊரில் கோபம் வந்தால் எருமை என்போம், இவர்கள் ஊரில் காண்டாமிருகம் போல என்று எடுத்துக்கொண்டேன். தோல் தடித்தவர் என்கிறார். அரசியல்வாதிக்கு அது வசவுகூட இல்லை, தகுதிச் சான்றிதழ். நன்றாகத் தலையாட்டி வைத்தேன். ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் போனில் தேடிப் பார்த்துவிட்டுப் புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். 'பேருக்கு மட்டும் ரிபப்ளிகன்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளாம் அது. அதாவது கட்சித் துரோகி, வேஷம் போடுகிறவர், போதுமான அளவுக்கு வலதுசாரி இல்லாதவர்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரைச் சொல்கிறார்? டெக்சஸ் கவர்னர் கிரெக் அபாட்டையா? அந்த ஒரு வருஷத்திலேயே ஆறு வாரம் தாண்டிய கருவைக் கலைக்கத் தடை, உரிமம் இல்லாமலே இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி, எல்லையில் மாநிலச் செலவிலேயே சுவர் என்று வரிசையாகக் கையெழுத்துப் போட்டவர் அவர். ஜூன் மாதமே டிரம்ப்பின் ஆதரவையும் வாங்கிவிட்டவர். அவரே மிதவாதி என்றால் என் பெரியவர் எந்த ஓரத்தில் நிற்கிறார் என்று பயமாக இருந்தது. இத்தனைக்கும் எங்கள் குடும்பம் ஒரு ராத்திரி விறைக்காமல் பிழைத்தது இந்தப் பெரியவர் புண்ணியத்தில். அந்தக் கதைக்கு வருகிறேன்.

டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் எங்கள் வீடு. 2013இல் வந்தோம். பச்சை அட்டை வரிசையில் இன்னும் நிற்கிறோம். இங்கே பிறந்த மகள் எனக்கு முன்னால் ஓட்டுப் போடுவாள் என்பது எங்கள் வீட்டில் பழகிப்போன நகைச்சுவை. ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இடித்தது கவர்னர் என்ற சொல்தான். கிண்டியில் பெரிய தோட்டத்து நடுவே இருப்பவர், டெல்லி அனுப்பிவைப்பவர், யாரிடமும் ஓட்டுக் கேட்டு வர வேண்டாதவர். ஆட்டுக்குத் தாடியையும் நாட்டுக்குக் கவர்னரையும் சேர்த்துக் கேட்டவர் ஊரில் வளர்ந்தவனுக்கு, கவர்னர் வாக்காளனைப் பார்த்து நடுங்குவார் என்பது லேசில் மனதில் ஏறுமா?

நடுங்குவதும் எதிர்க்கட்சியைப் பார்த்து இல்லை. டெக்சஸில் மாநிலம் தழுவிய பதவி எதையும் ஜனநாயகக் கட்சி 1994க்குப் பிறகு ஜெயித்ததில்லை. நவம்பர் தேர்தல் பாதி சடங்கு. நிஜப் போட்டி மார்ச்சில், கட்சிக்குள்ளே. நம் ஊரில் கட்சி ஆபீஸில் பணம் கட்டி விருப்ப மனு கொடுத்து, நேர்காணலில் கைகட்டி நின்று, பட்டியலில் பெயர் வருமா என்று விடிய விடியக் காத்திருப்பார்கள். இங்கே அந்த நேர்காணலை நடத்துவது ஜனங்கள். அதிலும் எல்லா ஜனங்களும் இல்லை. கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலுக்கு மெனக்கெட்டு வருகிற கொஞ்சப் பேர், கட்சி மேல் பக்தியும் கோபமும் உள்ளவர்கள். என் பெரியவர் மாதிரி.

அவருக்குக் கோபம் எதில் தெரியுமா? முகக்கவசத்தில். 2020 ஜூலையில் அபாட் அதைக் கட்டாயமாக்கினார். 2021 மார்ச்சில் தானே நீக்கியும்விட்டார். ஆனாலும் பெரியவருக்கு அந்த எட்டு மாதம் ஆறவில்லை. அவர் மட்டுமில்லை. மாநிலக் கட்சித் தலைவராக இருந்த ஆலன் வெஸ்ட்டே 2020 அக்டோபரில் கவர்னர் மாளிகை வாசலுக்குப் போராட வந்தார். பிறகு அந்தப் பதவியை விட்டுவிட்டு அபாட்டை எதிர்த்தே நின்றார். டாலஸ்காரர் டான் ஹஃபைன்ஸ், முன்னாள் மாநில செனட்டர், அவரும் அபாட்டுக்கு வலப்பக்கத்திலிருந்து போட்டிக்கு வந்தார்.

அப்புறம்தான் வேடிக்கை. ஹஃபைன்ஸ் ஒன்றைக் கேட்பார், கொஞ்ச நாளில் அபாட் அதைச் செய்வார், "பார்த்தீர்களா, நான் சொல்லித்தான்" என்பார் ஹஃபைன்ஸ். மாநிலக் குழந்தைகள் நலத் துறை இணையதளத்தில் மாற்றுப் பாலின, தன்பாலின இளையோருக்காக ஒரு பக்கம் இருந்தது. தற்கொலை எண்ணம் வந்தால் கூப்பிடும் எண்ணும் அதில்தான் இருந்தது. 2021 ஆகஸ்ட் கடைசியில் ஹஃபைன்ஸ் ஒரு வீடியோ போட்டார்; அன்றைக்கே பக்கம் காணாமல் போனது. அக்டோபரில், தனியார் கம்பெனிகள்கூட ஊழியர்களைத் தடுப்பூசிக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஓர் ஆணை. தொழில் செய்பவன் விஷயத்தில் அரசு தலையிடாது என்று சொல்லி வளர்ந்த கட்சி அது! நவம்பரில் பள்ளி நூலகங்களில் ஆபாசப் புத்தகம் இருக்கிறதென்று கடிதம். கட்சிக்காரன் ராஜினாமா மிரட்டல் விட்டதும் மாவட்டச் செயலாளர் அலறியடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவாரே, அந்த ஓட்டம். கையில் 6 கோடி டாலருக்கு மேல் தேர்தல் நிதி இருந்தும் ஓடினார்.

வாக்குச்சீட்டில் ரிக் பெர்ரி என்றும் ஒரு பெயர் இருந்தது. அபாட்டுக்கு முன்னால் கவர்னராக இருந்தவர் இல்லை, அதே பெயரில் வேறொருவர். அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்காத குறை. ஒரே இனிஷியலில் நாலு சுயேச்சைகளைத் தேடிப்பிடித்து நிறுத்தும் நம் கலை ஞாபகம் வந்து, ஒரு நிமிஷம் சொந்த ஊரில் இருப்பது போலிருந்தது.

இவ்வளவு பேச்சிலும் நான் எதிர்பார்த்த சத்தம் மட்டும் பெரிதாக எழவே இல்லை. கரண்ட்!

2021 பிப்ரவரி 15, விடிவதற்கு முன்னால் போனது. மறுநாள் டாலஸில் மைனஸ் 19 டிகிரி. கோவில்பட்டிக்காரனுக்கு அது வெறும் எண், உடம்பில் அதற்கு இடமே கிடையாது. எங்கள் வீட்டில் அடுப்பும் கரண்டில், ஹீட்டரும் கரண்டில். நான்கு பேரும் ஒரே அறையில், இருக்கிற போர்வை, ஜமுக்காளம், கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டி எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு கிடந்தோம். சாயங்காலம் கதவைத் தட்டியவர் பெரியவர். அவர் கொல்லையில் கேஸ் சிலிண்டர் வைத்த பார்பிக்யூ அடுப்பு இருந்தது. மாட்டிறைச்சி சுடுகிற அந்த அடுப்பில் குக்கர் வைத்து, பருப்பும் சோறும் பொங்கினோம். குக்கர் விசில் அடித்ததும் அவர் இரண்டடி பின்னால் குதித்தார். பொட்டலத்தில் இருந்த பூண்டு ஊறுகாயையும் கொடுத்தேன். அதற்கு அவர் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

அப்பாவுக்கு விஷயம் போனதும் வாட்ஸ்அப்பில் வந்தார். "அமெரிக்காவுல கரண்டு போகுமால?" அவருக்கு வருத்தத்தை விடச் சந்தோஷம் கூட. 2012இல் சென்னையைத் தவிர்த்து மற்ற ஊர்களெல்லாம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் கிடந்தபோது, "உங்க நாட்டுல" என்று அமெரிக்காவிலிருந்து பேசிய என் சித்தப்பா மகனை அவர் மறக்கவில்லை.

ஆனால் அந்த இருட்டு வேறு. கரண்ட் போன மறு நிமிஷம் தெருவே "ஓ" என்று ஒரே குரலில் கத்தும். பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவோம். எதிர் மாடி அத்தை விசிறியால் பேரனுக்கு வீசிக்கொண்டே கவர்மெண்டைத் திட்டுவார், அப்பா ரேடியோவைத் தட்டுவார், தீப்பெட்டி ஆபீஸ் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் சைக்கிள் மணி கேட்கும். கரண்ட் வந்ததும் மறுபடி அந்தச் சத்தம். ஃபிரிஸ்கோவில் யாரும் கத்தவில்லை. மூடிய கதவுக்குள் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக விறைத்தது. அரசே ஒப்புக்கொண்ட சாவு 246. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி போயிருந்தால் மொத்த மாநிலமும் வாரக்கணக்கில் இருண்டிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். டெல்லி மாதிரி வாஷிங்டன் மூக்கை நுழைக்கக் கூடாதென்று டெக்சஸ் தன் மின்கட்டமைப்பைத் தனியாகவே வைத்திருக்கிறது. அதனால் வெளியிலிருந்து கடன் வாங்கவும் பெரிதாக வழியில்லை. அந்தக் கட்டமைப்பில் சேராத எல் பாசோவில் விளக்கு எரிந்தது. பெருமளவு எரிவாயுக் குழாயும் கிணறும் உறைந்துபோயிருக்க, அபாட் டிவியில் காற்றாலையைக் குற்றம் சொன்னார். கயத்தாறு பக்கம் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது தனியாகச் சுட்டது.

எங்கள் ஊரில் 2011இல் ஒரு ஆட்சியைக் கவிழ்த்ததில் மின்வெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து ஓட்டு. நவம்பரில் "விளக்கு அணையாது, உத்தரவாதம்" என்ற அபாட், பிப்ரவரியில் அடுத்த குளிர் வந்து நின்றதும் "யாரும் உத்தரவாதம் தர முடியாது" என்றார். அந்தத் தடவை கட்டமைப்பு தாக்குப்பிடித்தது. பெரியவரிடம் கேட்டேன், கரண்டுக்காக அவரைத் தோற்கடிக்க மாட்டீர்களா என்று. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "குளிர் கடவுள் அனுப்பியது. முகமூடியை அனுப்பியது அவர்."

என் போனுக்கு தினமும் "இன்னும் வாக்களிக்கவில்லையா?" என்று செய்தி வந்தது. இந்த எண்ணை முன்னால் வைத்திருந்த யாருக்கோ. போட்டால் ஜெயில், போடாவிட்டால் அதட்டல்.

2022 மார்ச் 1. அபாட் 66 சதவீதம் வாங்கினார். வெஸ்ட்டுக்கும் ஹஃபைன்ஸுக்கும் ஆளுக்கு 12 சுமார். இரண்டாம் சுற்றுக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. இவ்வளவுக்கா அந்த ஓட்டம் என்றிருந்தது எனக்கு. ஓடியதால்தான் இவ்வளவு என்பார்கள் கணக்குத் தெரிந்தவர்கள்.

பெரியவர் ஹஃபைன்ஸுக்குப் போட்டுவிட்டு வந்து, ஓட்டுப் போட்டதற்குக் கொடுக்கும் ஸ்டிக்கரை என் மகளிடம் தந்தார். அவள் அதை அப்பா ஊரிலிருந்து கொடுத்துவிட்ட எமர்ஜென்சி லைட்டின் நெற்றியில் ஒட்டினாள். குளிர்காலம் முழுக்க அது சாப்பாட்டு மேஜையில்தான் இருக்கும், பக்கத்தில் தண்ணீர் பிடித்து வைத்த இரண்டு குடங்களோடு. ராத்திரி வீடியோ காலில் அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே பார்த்தார்.

"லைட்டுல என்னல அது? கொடி மாதிரி இருக்கு. எந்தக் கட்சி, என்ன சின்னம்?"