பாதி சுருங்கிய ஸ்வெட்டரும் பூனை மெத்தையும்

மூன்று முறை வெந்நீரில் முக்கிக் கசக்கியும் ஸ்வெட்டரின் முன்பக்கம் அரை அங்குலம்கூடச் சுருங்கவில்லை. பின்பக்கம் நன்றாகச் சுருங்கி, பழைய ரயில் கம்பளி மாதிரி தடித்துப்போய்ப் பாய்மேல் கிடக்கிறது. ஒரே ஸ்வெட்டர், ஒரே மயில்கழுத்துப் பச்சை, ஒரே 8 நம்பர் ஊசி, பின்னின கையும் ஒன்றுதான். இந்த வயிற்றெரிச்சலை எங்காவது கொட்டினால்தான் அடுத்த வேலை ஓடும்.

மகன் டெல்லிக்குப் படிக்கப் போன வருடம் ஆசையாக ஆரம்பித்தது. 112 கண்ணி போட்டுப் பின்பக்கத்தை முழுசாக முடித்தேன், முன்பக்கம் கைக்குழி வரை வந்தது, ஒரு கை 12 அங்குலம் ஏறியிருந்தது. அப்போதுதான் அவன் போனில், "அம்மா, இங்க எல்லாரும் ஹூடிதான் போடுறாங்க, நீ கஷ்டப்படாத" என்றான். கஷ்டப்படாதே என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கே கைக் கண்ணிகளைப் பெரிய சேஃப்டி பின்னில் மாட்டி, எல்லாவற்றையும் சுருட்டிப் பீரோவில் போட்டேன். மூன்று வருடமாக அங்கேயேதான் கிடந்தது. பிரித்து நூலை மீட்கலாம் என்று இரண்டு தடவை எடுத்து, மனசு வராமல் திரும்ப வைத்தேன்.

இந்த மார்கழியில்தான் வேறு யோசனை வந்தது. எங்கள் வீட்டுப் பூனை சின்னப்பொண்ணுக்கு வயது 11. மதுரை திருநகரில் விடியற்காலை 20 டிகிரிக்குப் பக்கம் இறங்கினாலே அதற்கு முன்னங்கால் பிடித்துக்கொள்கிறது. மொசைக் தரையில் படுத்துவிட்டு எழுந்து நடக்கும்போது முதல் பத்தடிக்கு எங்கள் அத்தை நடப்பது போலவே இருக்கும். (அத்தையிடம் இதைச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது.) பின்னல் துணியை அப்படியே விரித்துப் போட்டால் நகம் கண்ணியில் மாட்டும், நூல் வெளியே வரும், பூனை அதை மென்று விழுங்கும். விழுங்கிய நூல் பூனையின் குடலைச் சுருக்குப் பை மாதிரி இழுத்துவிடும், நேராக ஆபரேஷன்தான். அதனால் ஃபெல்ட் பண்ணியே, அதாவது கம்பளியை வெந்நீரில் தேய்த்துச் சுருக்கித் திரட்டியே ஆக வேண்டும். கண்ணியே தெரியாமல் துணி ஒன்றாகத் திரண்டுவிட்டால் வெட்டினாலும் பிரியாது, நகமும் மாட்டாது.

இன்னொன்று, பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தேன். பூனைக்கு அந்துருண்டை விஷம், அந்த வாசனையோடு மெத்தை தைத்துக் கொடுப்பது சரியில்லை. ஒரு வாரம் மொட்டை மாடியில் நிழலில் காயப்போட்டு, மூக்கை வைத்து மோந்து மோந்து பார்த்த பிறகுதான் தண்ணீரில் நனைத்தேன். இனிமேல் பீரோவில் காய்ந்த வேப்பிலை மட்டும்தான்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் ரொம்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் முயற்சி போர் தண்ணீரில். அண்டாவில் கை பொறுக்கிற சூட்டுக்கும் கொஞ்சம் மேலாகக் காய்ச்சி, துணி துவைக்கிற பார் சோப்பைச் சீவிப் போட்டு, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் கசக்கினேன். நுரையே வரவில்லை. அதற்குப் பதில் பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திப்பி மிதந்தது. சோப்பு போதவில்லை என்று இன்னும் சீவினேன், திப்பிதான் கூடியது. அலசி எடுத்துப் பார்த்தால் மயில்கழுத்துப் பச்சையின்மேல் சாம்பல் பூத்திருக்கிறது, தொட்டால் மெழுகு தடவியது போல ஒட்டுகிறது. டேப் வைத்து அளந்தேன். முன்பக்கம் அப்படியே. பின்பக்கம் ஒரு அங்குலம் குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் டேப்பை ஒழுங்காகப் பிடிக்கவில்லை போல என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் மூளையைப் போட்டிருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம்.

போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய. சோப்பு முதலில் அவற்றோடு சேர்ந்து கரையாத திப்பியாகிவிடும், அது போக மிச்சமிருக்கிற சோப்புதான் நுரைக்கும். தலைக்கு ஊற்றினால் முடி சிக்கிக்கொள்வதை வைத்து நமக்கு எப்போதோ தெரிந்த விஷயம்தான், அண்டா முன்னால் உட்காரும்போதுதான் மறந்துபோகிறது. ஃபெல்ட் பண்ணும்போது சோப்பு அழுக்கு எடுக்க வரவில்லை, வழுக்குவதற்கு வருகிறது. கம்பளி இழையின்மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கிறது. சூட்டில் ஈரமாகித் தேய்படும்போது இழை ஒரு பக்கமாக நகரும், செதில் திரும்ப விடாது. அப்படித்தான் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கிறது. வழுக்கலே இல்லாமல் திப்பி ஒட்டிக்கொண்டால் எங்கிருந்து நகரும்?

ஒட்டின திப்பியை எடுக்க வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசினேன். அதற்கே ஒரு பகல் போனது.

இரண்டாவது தடவைக்கு நல்ல தண்ணீர் பிடிக்கலாம் என்று பார்த்தால், எங்கள் தெருவுக்கு முறை வர இன்னும் மூன்று நாள். வந்தாலும் குடிக்கப் பிடிக்கிற தண்ணீரில் பூனைக்கு மெத்தை அலசினேன் என்று சொல்லிவிட்டு இந்த வீட்டில் குடியிருக்க முடியாது. அப்போது ஞாபகம் வந்தது பூந்திக்கொட்டை. அம்மா பட்டுப்புடவையும் சால்வையும் அதில்தான் அலசுவாள், அதுவும் கிணற்றுத் தண்ணீரில். உப்புத் தண்ணீரில் சோப்பு படுகிற பாடு பூந்திக்கொட்டைக்குக் கிடையாது, திப்பி கட்டாமல் நுரைக்கும். கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வாங்கி, கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கொதிக்கவைத்துப் பிசைந்து வடிகட்டினேன். டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. அண்டாவில் ஊற்றிக் கலக்கினால் கை மறைகிற அளவுக்கு நுரை! அதே போர் தண்ணீர்தான். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மிளகாய்ப்பொடி பரவாயில்லை என்று ஆகிவிடும்.

கையால் கசக்குவதை விட்டுவிட்டுத் துவைக்கிற கல்லுக்குப் போனேன். ஃபெல்ட் பண்ண வெளிநாட்டில் மேடு பள்ளம் வைத்த பலகை விற்கிறார்களாம், நம் கொல்லையில் கொத்திவிட்ட கல் சும்மா கிடக்கிறது. அடிக்கக் கூடாது, வட்டமாகத் தேய்க்க வேண்டும், அடித்தால் ஒரு பக்கம் மட்டும் இழுபடும். கல்லில் கால் மணி நேரம் தேய்த்தேன். அப்புறம் பழைய கோரைப்பாயில் விரித்து, நடுவே ஒரு பிவிசி குழாயை வைத்துச் சுருட்டி, தரையில் முன்னும் பின்னும் உருட்டினேன். நூறு உருட்டு ஒரு திசையில், பிரித்து முக்கால் திருப்பம் திருப்பிப் போட்டு இன்னொரு நூறு. எந்தத் திசையில் உருட்டுகிறோமோ அந்தத் திசையில் அதிகம் சுருங்கும், அதனால் திருப்பிப் போடாவிட்டால் கோணலாகிவிடும். ஆறினால் சுடுதண்ணீரில் முக்கல், நடுவில் ஒரு தடவை பச்சைத் தண்ணீரில் முக்கல்.

நாலாவது சுற்றில் மாற்றம் தெரிந்தது. கண்ணி ஒவ்வொன்றும் 'வி' மாதிரி தெரியுமே, அதன் ஓரம் முதலில் மங்கியது, அப்புறம் வரிசை வரிசையாக இருந்தது பொசுபொசுவென்று ஒரே பரப்பாகிவிட்டது. விரலால் கிள்ளினால் தனிக் கண்ணி கையில் வரவில்லை. ஓரத்தில் ஒரு மூலையைக் கத்தரியால் நறுக்கிப் பார்த்தேன், ஒரு இழைகூடப் பிரியவில்லை. அகலம் 20½ அங்குலத்திலிருந்து 17, நீளம் 25 அங்குலத்திலிருந்து 17½. பொதுவாக நீளம்தான் அதிகம் குறையும் என்று தெரிந்திருந்தும் கிட்டத்தட்ட சதுரமாக வந்து நிற்பதைப் பார்த்தபோது, கணவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க முடியவில்லை. அவர், "நல்லா இருக்கு, இது என்னது?" என்றார்.

இத்தனைக்கும் அதே அண்டாவில், அதே கல்லில், அதே பாயில் உருண்ட முன்பக்கம் போன மாதிரியே திரும்பி வந்தது. கண்ணியெல்லாம் பளிச்சென்று, நேற்றுப் பின்னியது போல. மறுநாள் அதை மட்டும் தனியாக மூன்றாம் முறை போட்டேன். தோள்பட்டை போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் தீக்குச்சி. பின்பக்கத்தில் நறுக்கின மூலைத் துணுக்கும் முன்பக்கத்திலிருந்து ஒரு சாண் நூலும் எடுத்து, பழைய தட்டில் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். பின்பக்கத் துணுக்கு தயங்கித் தயங்கி எரிந்து, தீயை எடுத்ததும் தானாக அணைந்தது. சலூனில் முடி கருகின நாற்றம், சாம்பலை விரலில் நசுக்கினால் பொடி. முன்பக்க நூல் உருகிக்கொண்டே கரும்புகையோடு எரிந்தது, ஊதித்தான் அணைக்க வேண்டியிருந்தது, நுனியில் கடுகு போல ஒரு கறுப்பு உருண்டை, நகத்தால்கூட நசுங்கவில்லை. ஆக்ரிலிக்!

பையைக் கொட்டித் தேடினால் நூல் சுற்றியிருந்த காகிதப் பட்டை கிடைக்கிறது, அதில் எறும்பு எழுத்தில் '100% ஆக்ரிலிக்'. இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. பின்பக்கத்துக்கான நூல் நாத்தனார் ஊட்டியிலிருந்து வாங்கி வந்தது. அது தீர்ந்துபோனதும் விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் கண்டைக் காட்டி அதே நிறம் கேட்டேன். "ப்யூர் உல்லன்க்கா, கண்ண மூடிட்டு வாங்குங்க" என்றார் கடைக்காரர். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கியிருக்கிறேன். மதுரையில் உல்லன் நூல் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் ஆக்ரிலிக்தான், பூத்தோரணம் பின்னவும் குழந்தைக்குக் குல்லா பின்னவும் அதுவே நல்லது, மிஷினில் போடலாம், பூச்சி அரிக்காது. ஆனால் வெந்நீரில் ஒரு வாரம் வேகவைத்தாலும் ஃபெல்ட் ஆகாது, அதற்குச் செதில் இல்லை. புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் ஊசி, பொத்தான், லேஸ் கடைகள் இருந்தபோது அங்கே ஒரு பெரியவர் நூலைக் கையில் உருட்டியே எது என்னவென்று சொல்வார். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின பிறகு அவரைப் பார்க்கவே இல்லை.

நம் ஊர்ப் பக்கம் இத்தனை செம்மறி மேய்கிறதே, ஒன்றிலும் கம்பளி இல்லையா என்று கேட்காதீர்கள், நான் கேட்டுவிட்டேன். கீழக்கரிசல், வேம்பூர் இனங்கள் எல்லாம் கம்பளி இல்லாத முடி ஆடுகள், வெயிலுக்கு ஏற்ற உடம்பு. கொடைக்கானல் மேலே மன்னவனூரில் மத்திய அரசு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது, அங்கே பாரத் மெரினோ என்ற கம்பளி ஆடு வளர்க்கிறார்கள். சித்திரைத் திருவிழா முடிந்ததும் மலையேறி, வெட்டின கம்பளி வெளி ஆளுக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கப்போகிறேன். கிடைத்தால் தக்களியில் நூற்கலாம். நூற்கத் தெரியாது, அது அப்புறம்.

முதலில் கையில் இருப்பதை முடிக்க வேண்டும். பின்பக்கம் மெத்தை. கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஒரு குடம் திருடினேன், பூனை உடம்பை நக்குகிற பிராணி, அதில் எந்த மிச்சமும் இருக்கக் கூடாது. சுருங்காத முன்பக்கமும் அரைக் கையும்தான் தலையணை விளிம்பு. சுற்றிலும் வைக்க நீளம் போதாது, கிழட்டுப் பூனைக்கு நாலு பக்கமும் மேடு இருந்தால் ஏறுவதும் கஷ்டம். அதனால் சுவர் மூலையில் 'ட' மாதிரி இரண்டு பக்கம் மட்டும். வேட்டித் துணியில் உள்ளுறை தைத்து, போடியிலிருந்து வந்த இலவம் பஞ்சு அடைத்து, அதன்மேல் பின்னலைச் சுருட்டித் தைப்பது; இது ஃபெல்ட் ஆகாத பின்னல், நகம் மாட்டும் என்பதால் வெளியேயும் ஒரு வேட்டித் துணி உறை. உள்ளுறை இல்லாமல் அடைத்தால் பஞ்சு கண்ணி வழியாக வீடு முழுக்கப் பறக்கும், தலையணையே தைக்காதவர்களுக்கு இந்த எச்சரிக்கை. அளந்து பார்த்தேன்: முன்பக்கம் 20½, கை 12, ஆக 32½. தேவை 34½. பஞ்சு அடைத்துப் பருத்தால் இன்னும் குறையும். அதாவது அந்தக் கையை இன்னும் ஒரு 3 அங்குலம் பின்னியாக வேண்டும்.

பின்னில் கண்ணிகள் மூன்று வருடமாக அப்படியே காத்திருக்கின்றன, ஒன்றுகூட நழுவவில்லை. அதே ஆக்ரிலிக் ஒரு உருண்டை மிச்சம் இருக்கிறது. 8 நம்பர் ஊசி ஒன்று டப்பாவில் இருந்தது, அதன் ஜோடியைக் காணோம். வீட்டையே அங்கிட்டும் இங்கிட்டும் புரட்டியதில் அத்தையின் தலையணைக்கு அடியில் கிடைத்தது, முதுகு சொறிய வைத்திருக்கிறார்களாம், எத்தனை நாளாக என்று தெரியவில்லை. சின்னப்பொண்ணு ஈரம் முழுசாகக் காயாத மெத்தையில் ஏறி ஏற்கெனவே ஒரு மூலையைப் பிசைந்துகொண்டிருக்கிறது.

"கையத்தான பின்னப்போற? பின்னிட்டு ஊசியக் குடுத்துரு ஆத்தா" என்கிறார் அத்தை.