பாய்மரப் படகின் பழைய டீசல் எஞ்சினை மீட்ட ஏழு மாதங்கள்

நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து வைத்திருக்கும் படகு 28 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் பாய்மரப் படகு, 1986-இல் கட்டப்பட்டது. அதன் வயிற்றுக்குள், ஏணிப்படிக்குப் பின்னால், அதே ஆண்டில் பொருத்திய இரண்டு சிலிண்டர் ஜப்பானிய டீசல் எஞ்சின் இருக்கிறது. அது 18 குதிரைத்திறன் கொண்டது. கடல்நீரையே நேராக உறிஞ்சித் தன் உடலுக்குள் ஓடவிட்டுக் குளிர்ந்துகொள்ளும் வகையைச் சேர்ந்தது.

பாய் இருக்கும்போது எஞ்சின் எதற்கு என்று பலர் கேட்பார்கள். எங்கள் படகைக் கட்டியிருக்கும் சென்னைத் துறைமுகம் கடலுக்குள் சுவர் எழுப்பி உண்டாக்கிய செயற்கைத் துறைமுகம். முதலில் கிழக்கு நோக்கியிருந்த அதன் வாயை, துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில் அடைத்துவிட்டு வடகிழக்குப் பக்கம் புதிதாகத் திறந்தார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் காற்று அந்த வாய்க்குள்ளேயே நேராக அடிப்பதால், பெரிய சரக்குக் கப்பல்கள் வந்துபோகும் குறுகிய வழியில் பாயை மட்டும் நம்பி எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து வெளியேறுவது இயலாத காரியம். ஆகவே எஞ்சின் படுத்துவிட்டால் எங்கள் படகும் கட்டிய இடத்திலேயே கிடக்கும்.

ஜனவரியில் கோளாறு தெரியத் தொடங்கியது. முன்பெல்லாம் நிமிடத்துக்கு 3000 சுற்றுகளில் ஐந்தரை நாட் (மணிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர்) வேகம் தந்த எஞ்சின், கியர் போட்டதும் 2200-க்கு மேல் ஏற மறுத்தது. பின்பக்கம் கரும்புகை வந்தது; கால் மணி நேரம் ஓடினால் சூடு அதிகமாகிவிட்டதென்று எச்சரிக்கை மணி அடித்தது. நியூட்ரலில் மட்டும் தடையில்லாமல் சுற்றியது.

முதலில் படகின் அடிப்பாகத்தைச் சந்தேகித்தோம். துறைமுகத்தின் வெதுவெதுப்பான, அசைவற்ற நீரில் கொட்டலசுகள் என்னும் ஓடுள்ள சிறு கடலுயிர்கள் மிக விரைவாக ஒட்டிக்கொள்ளும். படகைத் தள்ளும் விசிறியின் அலகில் அவை படிந்தால் எஞ்சினுக்குச் சுமை கூடிக் கரும்புகை வருவது இயல்பே. மூழ்குபவர் ஒருவரை அழைத்துச் சுரண்டியதில் 200 சுற்றுகள் கூடின; புகை குறையவில்லை. அடுத்து டீசல் டேங்கின் மேல் பழி போட்டேன். நம் ஊர் ஈரப்பதத்தில் பாதி நிரம்பிய டேங்கின் உட்சுவரில் நீர் வியர்த்து அடியில் தேங்கும். அந்த நீருக்கும் டீசலுக்கும் இடையில் நுண்ணுயிர் வளர்ந்து, கறுத்த கோழையாக ஃபில்டரை அடைக்கும். எனவே ஐந்து லிட்டர் கேனில் புதிய டீசலை நிரப்பி, எஞ்சினைவிட உயரத்தில் கட்டி, டேங்கைத் தவிர்த்துவிட்டு நேராக இணைத்து, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி ஓட்டிப் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை.

இந்த இடத்தில் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். டீசல் குறைவாக வந்தால் எஞ்சின் வலுவிழக்குமே தவிரக் கரும்புகை விடாது. கரும்புகை என்பது, வந்து சேர்ந்த டீசலை முழுதாக எரிக்கக் காற்று போதவில்லை என்பதற்கான அடையாளம். புகையின் நிறத்தை வைத்து யோசித்திருந்தால் டேங்கோடு போராடிய மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகியிருக்கும்.

மார்ச்சில் வந்து பார்த்த மெக்கானிக், பிஸ்டன் ரிங் போய்விட்டது, சிலிண்டரைக் கடைந்து ‘போர்’ செய்ய வேண்டும், இத்தனை பழைய எஞ்சினுக்கு அந்தச் செலவு செய்வதைவிடப் புதிது வாங்குவதே மேல் என்றார். புதியதன் விலை எங்கள் இருவருடைய கைக்கும் எட்டாதது. சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பார்ப்பவர் ஒருவரைக் கேட்கலாம் என்று போனபோது ஏப்ரல் பிறந்திருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி எஞ்சினைப் பிரித்துப்போடும் பருவம் அதுவே என்பதால், நல்ல மெக்கானிக் எவருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. படகுகள் கடலுக்குத் திரும்பிய பிறகு வருகிறேன் என்று சொன்ன அவர், சொன்னபடியே ஜூன் மூன்றாம் வாரம் வந்தார்.

அவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் எஞ்சின் ஓசையைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, “சார், உள்ள போறதயெல்லாம் பாத்துட்டீங்க. வெளிய வர்ற வழியப் பாத்தீங்களா?” என்றார். இல்லை அண்ணா என்றேன். கழற்றச் சொன்னது புகையும் தண்ணீரும் கலக்கும் முழங்கை வளைவை.

படகின் புகைக்குழாய் ரப்பரால் ஆனது. எஞ்சினிலிருந்து வரும் சூட்டைத் தாங்காது. அதனால் எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வரும் கடல்நீரை இந்த இரட்டைச் சுவர் கொண்ட வார்ப்பிரும்பு வளைவில் புகையோடு கலந்து, இரண்டையும் சேர்த்து வெளியே தள்ளுகிறார்கள். சூடும் உப்பும் கரியும் சந்திக்கும் இடம் இது. நான்கு போல்ட்டுகளில் மூன்று, இரண்டு நாள் துருநீக்கி எண்ணெயில் ஊறியபின் அசைந்தன. நான்காவது உடைந்தது, அதைத் துளையிட்டு எடுக்கவே ஒரு நாள் போயிற்று. கழற்றிய வளைவுக்குள் பார்த்தபோது பேச்சு வரவில்லை. நாற்பது மில்லிமீட்டர் இருக்க வேண்டிய வழியில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. கல்லாக இறுகிய கரியும் உப்பும் எஞ்சினின் குரல்வளையை அடைத்துக்கொண்டிருந்தன. புகை வெளியேற முடியாததால் புதிய காற்று உள்ளே வர இடமில்லை. குளிர்நீரும் தேங்கியதால் சூடு ஏறியது. மூன்று அறிகுறிகளுக்கும் காரணம் ஒன்றே.

அடைப்பு ஏன் உண்டானது என்பதற்கும் நாங்களே பொறுப்பு. கடல்நீர் ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டிச் சூடானால் உப்புப் படிவு வேகமாக உண்டாகும் என்பதால், இவ்வகை எஞ்சின்களில் குளிர்நீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் 42 டிகிரி அளவிலேயே திறந்துவிடுகிறது. அதாவது எஞ்சின் எப்போதுமே சற்றுக் குளிர்ச்சியாகத்தான் ஓடுகிறது. சுமை கொடுத்து ஓட்டினால்தான் டீசல் நன்றாக எரியும்; இல்லையேல் கரியாகப் படியும். நாங்களோ பேட்டரி ஏற்றுவதற்காக, கட்டிய இடத்திலேயே சுமையில்லாமல் மணிக்கணக்கில் ஓடவிட்டுக்கொண்டிருந்தோம். இப்போது அந்த வேலைக்கு நூறு வாட் சூரியத் தகடு ஒன்றைக் கூரையில் பொருத்திவிட்டோம்.

எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) லிட்டருக்கு நூறு கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து வளைவை இரவு முழுதும் ஊறவைத்தேன். உப்பும் துருவும் கரைந்தன; கரியைக் கம்பியால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. கழிவறை ஆசிட் போதுமே என்று சிலர் சொன்னார்கள். அது அழுக்கோடு இரும்பையும் சேர்த்துத் தின்னும் என்பதால் நான் தொடவில்லை. சுத்தமானபின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உட்சுவரில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதன் வழியே நீர் கசிந்து திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கினால், நீர் அமுங்காதது ஆகையால், அடுத்த முறை செல்ஃப் அடிக்கும்போது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துபோகும். ஆகவே பழையதை அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் 316 ரகத் துருப்பிடிக்கா எஃகில் புதிதாகச் செய்து, ஆர்கான் வெல்டிங் வைத்து வாங்கினோம். 6,500 ரூபாய் ஆனது. சூடான உப்புநீரில் வெல்டிங் ஓரங்கள் அரிக்கக்கூடும் என்பதால் ஆண்டுக்கொரு முறை இதைக் கழற்றிப் பார்க்கத் தீர்மானித்திருக்கிறேன்.

செல்ஃப் அடிப்பதைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் பிடிக்காமல் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால், பம்ப் இறைக்கும் கடல்நீரை வெளியே தள்ளப் புகையின் அழுத்தம் இருக்காது. அது சைலன்சரில் நிறைந்து சிலிண்டருக்கே திரும்பி வரும். அதனால் இரண்டு முறைக்குமேல் முயன்றால் முதலில் கடல்நீர் வால்வை மூடிவிட வேண்டும். எஞ்சின் பிடித்தவுடன் அதைத் திறக்க மறக்கக்கூடாது. சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவைப்பது எங்கள் படகின் வழக்கம்.

திறந்த கையோடு மற்றவற்றையும் பார்த்தோம். நீர் பம்புக்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரில் இரண்டு இறக்கைகள் உடைந்திருந்தன. அந்த ரப்பர்த் துண்டுகளைத் தேடி நீர்வழியிலிருந்து எடுத்த பிறகே புதியதைப் போட்டேன். எஞ்சின் உடலின் இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைய வேண்டிய துத்தநாகத் துண்டு முற்றிலும் மறைந்து, திருகு மட்டும் மிஞ்சியிருந்தது. வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் இடையிலான டேப்பட் இடைவெளியை 0.2 மில்லிமீட்டருக்குத் திருத்தினோம். டீசலைத் தெளிக்கும் நாசில்களைப் பம்ப் சர்வீஸ் கடையில் சோதித்தபோது, சதுர செ.மீ.க்கு 170 கிலோவில் திறக்க வேண்டியவற்றில் ஒன்று 140-லேயே திறந்து, தெளிக்காமல் ஒழுகியது.

ஜூலை கடைசி ஞாயிறு காலையில் துறைமுக வாயைக் கடந்து வெளியே சென்றோம். 3000 சுற்றுகள், 5.6 நாட், ஒரு மணி நேரம் ஓடியும் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. நண்பர் பின்பக்கம் குனிந்து நீரோடு வரும் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார், கறுப்பு இல்லை. காலையில் எஞ்சின் பிடித்ததும் இரண்டு நிமிடம் நீலப்புகை மட்டும் வருகிறது; அது எண்ணெய் எரிவதன் அடையாளம். நாசில் துளையில் கேஜ் வைத்துச் சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தத்தை அளந்ததில் முதல் சிலிண்டர் 27, இரண்டாவது 23 காட்டின. ஆக, ரிங் தேய்ந்திருக்கிறது என்று மார்ச்சில் சொன்னவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. வாடைக்காலம் முடிந்து ஜனவரியில் சிலிண்டர்களின் மூடியான ஹெட்டைக் கழற்றலாம் என்று காசிமேட்டு அண்ணா சொல்லியிருக்கிறார்.

இருபது மணி நேரம் ஓடியபின் சென்ற வாரம் வளைவை ஒருமுறை கழற்றினேன். இம்முறை கட்டைவிரல் தாராளமாக நுழைந்தது. உட்சுவரில் தடவியபோது கைத்துணியில் துடைத்தால் போகும் அளவுக்கே கரி ஒட்டியது.