மூன்று ஜோசப்புகளும் ஒரு கம்பளி ஆலையும்: டார்லிங்டன் பீஸ் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடிய அனுபவம்

ஸ்டாக்டன் – டார்லிங்டன் ரயில்பாதையின் 200ஆம் ஆண்டு 2025இல் வடகிழக்கு இங்கிலாந்தில் கொண்டாடப்பட்டது. அதையொட்டி உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் சிலர் ஏற்பாடு செய்த சிறு கண்காட்சிக்காக, அந்த ரயில்பாதையை உருவாக்கிய பீஸ் குடும்பத்தின் வம்சாவளியை வரைந்து தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. கம்பளி நூல் ஆலையில் தொடங்கி, ரயில், நிலக்கரி, இரும்பு, வங்கி என்று விரிந்த, 'நண்பர்கள் சங்கம்' என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குவேக்கர் குடும்பம் அது. 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சிட்ட வம்சாவளிகள் இருப்பதால், அவற்றைப் பார்த்துப் படியெடுத்தால் போதும் என்று குழுவில் பலர் நினைத்தார்கள். ஆனால் அந்த அச்சு நூல்கள் தந்தை, மகன், பேரன் என்று ஆண்வழியைத் தடித்த கோடாகப் போட்டுவிட்டு, மணமகள்களை "இன்ன ஊர் இன்னாரின் மகள்" என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றன. ஒவ்வொரு கண்ணியையும் மூலப்பதிவில் சரிபார்த்த பிறகே படத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்துகொண்டு வேலையைத் தொடங்கினேன்.

குவேக்கர்களின் பதிவேடுகளைப் போல ஒழுங்கான ஆவணங்கள் அந்தக் காலத்து இங்கிலாந்தில் வேறு எந்தச் சிறுபான்மைச் சமயத்தாரிடமும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்குக் குருமார் கிடையாது, ஞானஸ்நானமும் கிடையாது. ஆகவே பங்குக் கோவில் பதிவேட்டில் கிடைப்பது போல ஞானஸ்நானத் தேதி கிடைக்காது. நேரடியாகப் பிறந்த தேதியே கிடைக்கும். வழிபாட்டுக்குக் கூடும் ஊர்க் கூட்டங்கள் சேர்ந்து மாதக் கூட்டம், மாதக் கூட்டங்கள் சேர்ந்து காலாண்டுக் கூட்டம், எல்லாவற்றுக்கும் மேலே லண்டன் ஆண்டுக் கூட்டம் என்ற அடுக்கில், பதிவு எழுதும் பொறுப்பு பெரும்பாலும் மாதக் கூட்டத்தின் எழுத்தரிடம் இருந்தது. 1776இல் பதிவுமுறை சீர்திருத்தப்பட்ட பிறகு அச்சிட்ட படிவங்களே வந்துவிட்டன. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தப் பதிவேடுகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. இப்போது அவை லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 6 என்ற வரிசை எண்ணின் கீழ் இருக்கின்றன. சந்தா செலுத்தி வீட்டிலிருந்தே அவற்றின் படங்களைப் பார்க்கலாம்.

ஒப்படைப்பதற்கு முன் குவேக்கர்கள் தங்களுக்கென்று சுருக்கப் படிகள் எடுத்துவைத்துக்கொண்டார்கள். காலாண்டுக் கூட்டம் வாரியாக, குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி அடுக்கப்பட்ட இந்தச் சுருக்கங்களில் தேடுவது மிக எளிது. அதனாலேயே பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அடக்கப் பதிவில் இறந்தவர் சங்க உறுப்பினர் இல்லை என்றால் ஓரத்தில் 'என்.எம்.' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். அது சுருக்கத்திலேயே தெரியும். ஆனால் திருமணச் சாட்சிகளின் பெயர்களுக்கு மூலத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு குவேக்கர் குடும்பத்தின் வரலாறு பாதிக்குமேல் அந்தச் சாட்சிகளில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. அதற்கான காரணம் கீழே வருகிறது.

முதலில் நாள்காட்டியைச் சொல்லிவிட வேண்டும். ஞாயிறு, திங்கள் முதலிய கிழமைப் பெயர்களும் ஜனவரி முதலிய மாதப் பெயர்களும் பழைய தெய்வங்களின் பெயர்களிலிருந்து வந்தவை என்பதால் குவேக்கர்கள் அவற்றை எழுத மறுத்து, எண்ணால் குறித்தார்கள். 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்ததால் 'முதல் மாதம்' என்பது மார்ச். எனவே ஒரு பதிவில் 1736ஆம் ஆண்டு 12ஆம் மாதம் என்றிருந்தால், நம் கணக்கில் அது 1737 பிப்ரவரி. 1752இலிருந்து முதல் மாதம் ஜனவரி ஆகிவிடுகிறது. இணையத்தில் புழங்கும் வம்சாவளிகளில் ஒரே நபருக்கு இரண்டு பிறந்த ஆண்டுகள் தரப்பட்டிருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நான் பதிவில் கண்டதை அப்படியே ஒரு பத்தியிலும், மாற்றிய தேதியை அடுத்த பத்தியிலும் எழுதிவைத்தேன். சலிப்பான வேலைதான், ஆனாலும் பின்னால் பலமுறை கைகொடுத்தது.

அடுத்த தலைவலி பெயர்கள். எட்வர்ட், ஜோசப், ஜான், ஹென்றி, எலிசபெத், ரேச்சல், மேரி என்ற சில பெயர்களுக்குள்ளேயே இந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சுற்றி வந்தது. கம்பளித் தொழிலை விரிவாக்கிய ஜோசப் (1737–1808) ஒருவர். அவருடைய மூத்த மகன்தான் 'ரயில்வேக்களின் தந்தை' எனப்படும் எட்வர்ட் பீஸ் (1767–1858). இளைய மகன் இன்னொரு ஜோசப் (1772–1846). எட்வர்டின் மகன் மூன்றாவது ஜோசப் (1799–1872). சித்தப்பாவும் அண்ணன் மகனுமான இந்த இரண்டு ஜோசப்புகளும் ஒரே ஊரில், ஒரே கூட்ட இல்லத்தில், ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள். ஊரார் அவர்களை வீட்டை வைத்துத்தான் பிரித்தார்கள்: சித்தப்பா 'ஃபீதம்ஸ்' ஜோசப், அண்ணன் மகன் 'சவுத்எண்ட்' ஜோசப். எட்வர்டுக்கும் ஒரு மகள் எலிசபெத், ஃபீதம்ஸ் ஜோசப்புக்கும் ஒரு மகள் எலிசபெத். மாதக் கூட்டக் குறிப்புகளில் "ஜோசப் பீஸ்" என்று மட்டும் வரும் இடங்களில், உடன் குறிப்பிடப்படும் பொருளை வைத்தே ஆளை உறுதி செய்ய வேண்டியிருந்தது. அடிமை ஒழிப்பு, இந்தியா என்று வந்தால் அவர் பெரும்பாலும் சித்தப்பாதான். 1839இல் லண்டனில் பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் நிறுவப்பட முன்னின்றவர் அவரே.

இந்தச் சிக்கலில் வழி காட்டியது நடுப்பெயர். தாயின் அல்லது பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரைப் பிள்ளைக்கு நடுவில் வைக்கும் வழக்கம் அவர்களிடம் 19ஆம் நூற்றாண்டில் பரவியிருந்தது. ஃபீதம்ஸ் ஜோசப்பின் மனைவி பியூமாண்ட் குடும்பத்தவர்; மகன் ஜான் பியூமாண்ட் பீஸ். எட்வர்டின் மனைவி கெண்டல் நகரத்து ரேச்சல் விட்வெல். பேரன் ஜோசப் விட்வெல் பீஸ். எட்வர்டின் இன்னொரு மகன் ஹென்றி பீஸின் முதல் மனைவி அன்னா ஃபெல். மகன் ஹென்றி ஃபெல் பீஸ். சவுத்எண்ட் ஜோசப்பின் மனைவி நாரிச் நகரத்து எம்மா கர்னி. ஒரு மகனுக்கு கர்னி பீஸ் என்றே பெயர். எட்வர்டின் மூத்த மகன் ஜானின் மகள் ஒருத்தியை மணந்தவர் ஜோனதன் பேக்ஹவுஸ் ஹாட்ஜ்கின். அந்தப் பெயரை உரக்கப் படித்தாலே பாதி வம்சாவளி வந்துவிடும்.

திருமணப் பதிவுகளைத் தேடத் தொடங்கியபோது வேலையின் போக்கே மாறியது. குவேக்கர் திருமணம் வழக்கமாக மணமகளின் கூட்டத்தில் நடக்கும். ஆகவே பதிவும் அங்கேதான். எட்வர்ட் – ரேச்சல் திருமணத்துக்கு கெண்டல் பதிவேட்டுக்கும், ஜான் பீஸ் – சோஃபியா ஜோவிட் திருமணத்துக்கு லீட்ஸ் பதிவேட்டுக்கும், 1826இல் நடந்த ஜோசப் – எம்மா திருமணத்துக்கு நார்ஃபோக் மாவட்டத்துப் பதிவேட்டுக்கும் போக வேண்டும். டார்லிங்டன் அடங்கிய டர்ஹாம் பதிவுகளை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தால் டார்லிங்டன் ஆண்களுக்குத் திருமணமே ஆகவில்லை என்று தோன்றும். முதலில் பெண்ணின் ஊர் தெரிய வேண்டும்; அதற்கு அவளுடைய தகப்பன் வீடு தெரிய வேண்டும். இப்படித்தான் என் தேடல் அட்டவணை, ஆண்களின் பெயர்ப்படி இருந்ததிலிருந்து பெண்களின் ஊர்ப்படி மாறியது.

குவேக்கர் திருமணச் சான்றிதழை ஒருமுறை நிதானமாகப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு புரியும். மேலே நீண்ட ஒரே வாக்கியம்: இன்னார் மகன் இன்னாரும் இன்னார் மகள் இன்னாரும் பல கூட்டங்களில் தம் எண்ணத்தைத் தெரிவித்து, தடை எதுவும் இல்லை என்று விசாரிக்கப்பட்டு, இன்ன நாளில் எல்லோர் முன்னிலையிலும் கைபிடித்து உறுதி சொன்னார்கள் என்று அது போகும். கீழே வந்திருந்த அத்தனை பேரும் கையொப்பமிடுவார்கள். மணமக்களின் கையொப்பத்துக்குக் கீழே வலப்புறத்தில் உறவினர்கள், மற்றப் பத்திகளில் ஊரார் என்று வரிசை பிரிந்திருப்பது பொது வழக்கம். அந்த வலப்புறப் பத்தியில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதைக் கூர்ந்து பார்த்தால் உறவுமுறை தெளியும். வேறு ஊருக்குப் போன மாமன், மறுமணம் செய்துகொண்ட சிற்றன்னை எல்லோரும் அங்கே அகப்படுவார்கள்.

எம்மா கர்னியின் அக்காள் ஹன்னா சாப்மன் கர்னியை 1811இல் மணந்தவர் டார்லிங்டன் வங்கியாளர் ஜோனதன் பேக்ஹவுஸ். அதாவது கம்பளி ஆலைக் குடும்பத்து ஜோசப் பீஸும் வங்கிக் குடும்பத்து ஜோனதனும் சகலைகள். இருவருக்கும் மாமனார் நாரிச்சைச் சேர்ந்த ஜோசப் கர்னி. சிறைச் சீர்திருத்தத்தால் புகழ்பெற்ற எலிசபெத் ஃப்ரை, இந்தச் சகோதரிகளுக்குப் பெரியப்பா மகள். எட்வர்டின் தாய் ஹல் நகரத்து மேரி ரிச்சர்ட்சன். லண்டனில் உண்டியல் (வணிக மாற்றுச்சீட்டு) தரகில் பெரும் பொருளீட்டி ரயில்பாதையிலும் ரயில் எஞ்சின் செய்த ராபர்ட் ஸ்டீபன்சன் நிறுவனத்திலும் முதலிட்ட தாமஸ் ரிச்சர்ட்சன் அந்த வழியில் வந்த உறவினர். 1820களில் ஒரு சிறு நகரத்துக் கம்பளி வியாபாரியால் ரயில்பாதைக்குப் பணம் திரட்ட முடிந்தது எப்படி என்ற கேள்விக்கு, பங்குப் பட்டியலைவிடத் திருமணச் சாட்சிப் பட்டியல் நல்ல விடை தருகிறது. ஜோசப் பீஸ் கூட்டாளிகளோடு சேர்ந்து 1829இல் மிடில்ஸ்பரோவில் சுமார் 500 ஏக்கர் நிலம் வாங்கியதும் இதே கதைதான். அந்தக் கூட்டாளிகளில் தம்பி எட்வர்ட் ஒருவர், அக்காள் தங்கை வழியில் மைத்துனரான ஃபிரான்சிஸ் கிப்சன் ஒருவர், தாமஸ் ரிச்சர்ட்சன் ஒருவர், நாரிச் வங்கி வட்டத்தைச் சேர்ந்த ஹென்றி பர்க்பெக் ஒருவர். நகரம் எழுந்த நிலத்தை வாங்கியது கிட்டத்தட்ட ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம்.

தொடக்கப் புள்ளியே பெண்வழிதான். ரயில் எட்வர்டின் தாத்தா, அவரும் எட்வர்ட் (1711–1785), யார்க்‌ஷயரிலிருந்து டார்லிங்டனுக்கு வந்து தாய்மாமன் தாமஸ் கோல்ட்வெல்லின் கம்பளி சீவும் தொழிலில் சேர்ந்தார். பீஸ் ஆலை என்று ஊரே பிற்காலத்தில் அழைத்தது, தாயின் வீட்டுச் சொத்தாக வந்த தொழில். ஆகவே படத்தின் உச்சியில் பீஸ் பெயரோடு கோல்ட்வெல் பெயரையும் சம அளவில் போட்டேன். குழுவில் ஒருவர் அது தேவையா என்று கேட்டார். கட்டாயம் தேவை என்று சொல்லிவிட்டேன்.

சங்கத்துக்கு வெளியே மணந்தவர்களைத் தேடுவதற்கு வேறு வழி பிடிக்க வேண்டும். 1860 வரை அப்படி மணந்தவர் உறுப்பினர் உரிமையை இழப்பார். அதன் பிறகு அவருடைய பிள்ளைகள் குவேக்கர் பிறப்புப் பதிவில் வரமாட்டார்கள். பதிவேட்டில் ஒரு கிளை திடீரென்று நின்றுபோனால் அவர் குழந்தையில்லாமல் இறந்தார் என்று எழுதிவிடக் கூடாது. மாதக் கூட்டக் குறிப்பேட்டில் விலக்கல் தீர்மானம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் குறிப்பேடுகள் உள்ளூர் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. பெண்கள் கூட்டத்தின் குறிப்பேடு தனி. அதைப் புரட்டாமல் வருகிறவர்கள் பலர். ஃபீதம்ஸ் ஜோசப்பின் மகள் எலிசபெத் பீஸ் (1807–1897), அடிமை ஒழிப்பு இயக்கத்தில் அமெரிக்கா வரை அறியப்பட்டவர், 1853இல் கிளாஸ்கோ வானியல் பேராசிரியர் ஜான் பிரிங்கில் நிகோலை மணந்தார். நிகோல் குவேக்கர் அல்லர். டார்லிங்டன் பதிவுகளில் மறையும் எலிசபெத் பீஸும் எடின்பரோவில் பெண் கல்விக்கும் வாக்குரிமைக்கும் குரல் கொடுத்த திருமதி நிகோலும் ஒருவரே என்று படத்தில் காட்ட, இரண்டு நாட்டுப் பதிவுமுறைகளையும் இணைக்க வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் குடிமைப் பதிவு 1855இல்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் 1837இலேயே தொடங்கிவிட்டது.

இறப்புகளுக்கு அதிகம் சிரமப்படவில்லை. 1813 முதல் வெளிவந்த குவேக்கர்களின் ஆண்டு இரங்கல் தொகுப்பு, பெயர், ஊர், வயது, தேதி எல்லாவற்றையும் தந்துவிடுகிறது. உயில்களுக்கு 1858 ஒரு வேலி: அதற்கு முன்னுள்ளவை டர்ஹாம், யார்க் போன்ற திருச்சபை நீதிமன்றங்களில், பின்னுள்ளவை தேசிய உயில் அட்டவணையில். எட்வர்ட் பீஸ் 1858 ஜூலை 31இல் இறந்ததால் புதிய முறைக்குள் வந்துவிட்டார். கல்லறைகளை நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். கல் நடுவது வீண்பெருமை என்று கருதிய சங்கம் 1850 வரை அதை ஏற்கவில்லை. அதன் பிறகும் ஒரே அளவில், பெயரும் தேதியும் மட்டும் உள்ள கற்களுக்கே அனுமதி. ஸ்கின்னர்கேட் கூட்ட இல்லத்துக்குப் பின்னால் உள்ள எட்வர்டின் கல் அப்படிப்பட்டதுதான். அவருடைய மகன் ஐசக், ரயில்பாதை திறக்கப்பட்ட 1825 செப்டம்பர் 27க்கு முந்தைய இரவில் இறந்தார். திறப்பு விழாவில் பீஸ் குடும்பம் காணப்படாததற்குக் காரணம் அதுதான்.

எல்லாம் கையில் வந்த பிறகு, வரைவது பெரும்பாடாக இருந்தது. வம்சாவளி மென்பொருள்கள் ஒரே நபரை இரண்டு வழிகளில் இணைக்கும்போது அவரை இரண்டு முறை அச்சிடுகின்றன. கர்னி, பேக்ஹவுஸ், பீஸ் என்று திரும்பத் திரும்பப் பின்னிய குடும்பத்துக்கு அது ஒத்துவராது. கடைசியில் ஆறு மணமகள் வீடுகளை வட்டமாக வைத்து, நடுவில் டார்லிங்டனைப் போட்டு, கையால் வரைந்து ஓவியர் ஒருவரிடம் கொடுத்தேன்.

படத்தை எங்கே நிறுத்துவது என்பது தனியாக யோசிக்க வேண்டியதாயிற்று. 1833இல் சத்தியப் பிரமாணம் செய்யாமல் உறுதிமொழி மட்டும் கூறி நாடாளுமன்றத்தில் அமர்ந்த சவுத்எண்ட் ஜோசப்பின் மகன் சர் ஜோசப் விட்வெல் பீஸ், பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம் வழங்கப்பட்ட முதல் குவேக்கர். இந்தியாவில் அபின் உற்பத்திக்கு எதிராக 1891இல் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. 1902இல் அவருடைய குடும்ப வங்கி நொடித்தது. அதை எடுத்துக்கொள்ள முன்வந்து கணக்கைப் பார்த்த பார்க்ளே நிறுவனம், 1896இல் கர்னி, பேக்ஹவுஸ் வங்கிகளும் சேர்ந்து உருவானது; எனவே கணக்கைப் பார்த்த தரப்பிலும் தாய்வழி உறவினர்கள் இருந்தார்கள். 1903இல் சர் ஜோசப் இறந்ததோடு கோட்டை நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பிந்தைய தலைமுறையில், பிபிசி முதலில் ஒரு கம்பெனியாக இருந்தபோது அதன் தலைவராக இருந்த கெய்ன்ஃபோர்ட் பிரபு ஜோசப் ஆல்பர்ட் பீஸை மட்டும், பொதுப்பதிவில் உள்ளவர் என்பதால் சேர்த்தேன். மற்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களைச் சுவரில் எழுத எனக்கு உரிமை இல்லை.