கருந்துளை என்ட்ரோபியில் வைவா எடுப்பவர்களுக்கு

நேற்று என் வைவா (வாய்மொழித் தேர்வு) முடிவு வந்தது, நான் பாஸ். மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். முனைவர் பட்ட வைவாவுக்கு என்டாங்கிள்மென்ட் என்ட்ரோபியும் (ஓர் அமைப்பின் பகுதிகளுக்கு இடையே உள்ள குவாண்டம் பிணைப்பின் அளவு) கருந்துளைத் தெர்மோடைனமிக்ஸும் எடுக்கிறீர்களா? ஸ்ப்ரிங்கால் இணைத்த இரண்டு ஆஸிலேட்டர்களின் கணக்கைக் கையால் போடுங்கள். நோட்டைப் பார்க்காமல் வரும்வரை போடுங்கள்.

பிணைப்பு என்ட்ரோபி பற்றிய தன் 1993 கட்டுரையை இயற்பியலாளர் ஸ்ரெட்னிக்கி ஆரம்பிப்பது அந்தக் கணக்கில்தான். மொத்த அமைப்பும் கிரவுண்ட் ஸ்டேட்டில் (மிகக் குறைந்த ஆற்றல் நிலையில்) இருக்கிறது, என்ட்ரோபி பூஜ்யம். ஒரு ஆஸிலேட்டரை டிரேஸ் செய்து (அதன் நிலைகளையெல்லாம் கூட்டி) விலக்கினால், மற்றது ஏதோ ஒரு வெப்பநிலையில் இருக்கும் ஆஸிலேட்டராகவே தெரிகிறது. வெளியிலிருந்து யாரும் சூடேற்றவில்லை!

எனக்கு வைவாவில் பெரும்பகுதி நேரம் இதிலேயே போனது. "வெப்பம் எங்கிருந்து வந்தது?" என்றார் தேர்வாளர் ஒருவர். விலக்கிய பாதியோடு இருந்த பிணைப்புதான் அப்படித் தெரிகிறது என்று பலகையில் போட்டுக் காட்டினேன். அங்கிருந்து, என்ட்ரோபி எல்லையின் பரப்பைப் பொறுத்தது என்ற பரப்பு விதிக்குப் போவது சுலபம். மொத்தமும் பியூர் ஸ்டேட் (என்ட்ரோபி பூஜ்யமான நிலை) என்றால், ஓர் எல்லையால் பிரித்த பகுதிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே என்ட்ரோபி. இரண்டுக்கும் பொதுவானது எல்லை மட்டும்தான், அதனால் கன அளவுக்கு அங்கே வேலை இல்லை. கருந்துளை என்ட்ரோபிக்கான பெக்கென்ஸ்டைன்–ஹாக்கிங் வாய்ப்பாட்டிலும் பரப்புதானே வருகிறது? பாம்பெல்லி, கவுல், லீ, சோர்கின் நால்வரும் 1986-லேயே இந்த வழியில் போய்விட்டார்கள். அவர்கள் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆனால் பிணைப்பு என்ட்ரோபியும் கருந்துளை என்ட்ரோபியும் ஒன்றேதான் என்று அடித்துப் பேசாதீர்கள். பிணைப்பு என்ட்ரோபி கட்ஆஃபை (கணக்கில் எடுக்கும் மிகச்சிறிய தூரத்தை) சுருக்கச் சுருக்க முடிவிலிக்கு எகிறும், புலங்களின் எண்ணிக்கையோடும் கூடும். ஹாக்கிங்கின் கால் பங்கு (பிளாங்க் அலகில் பரப்பில் நாலில் ஒன்று) அப்படி மாறாது. அந்த முடிவிலி நியூட்டன் மாறிலியின் ரீநார்மலைசேஷனுக்குள் (அதன் மதிப்பைத் திருத்தி அமைப்பதற்குள்) போய்விடுகிறது என்று 1994-ல் சஸ்கிண்டும் உக்ளமும் வாதிட்டார்கள். தேர்வாளர்கள் கேட்பதற்கு முன்பே நீங்களே இதை எடுத்துப் பேசிவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- ஹாக்கிங் வெப்பநிலை வாய்ப்பாட்டில், 1 என்று வைத்துவிட்ட மாறிலிகளைத் திரும்பப் போடப் பழகுங்கள். சூரிய நிறையுள்ள கருந்துளைக்குச் சுமார் 6×10⁻⁸ கெல்வின். பின்னணிக் கதிர்வீச்சோ 2.7 கெல்வின், ஆகவே அது இப்போது ஆவியாகாது.
- பேஜ் வளைவு (ஆவியாகும் கருந்துளையின் கதிர்வீச்சு என்ட்ரோபி ஏறி இறங்கும் கோடு) எங்கே திரும்புகிறது என்பதோடு ஏன் திரும்புகிறது என்றும் சொல்லத் தெரிய வேண்டும்.
- ரியூ–தகயநாகி வாய்ப்பாடு (2006; பிணைப்பு என்ட்ரோபியை ஒரு பரப்பின் அளவாகத் தருவது): பிடிஇசட் கருந்துளைக்கு (இரண்டு வெளிப் பரிமாணங்கள் மட்டும் உள்ளது) ஒரு முறை முழுசாகப் போடுங்கள்.
- 2019-ன் 'தீவுகள்' (கதிர்வீச்சின் என்ட்ரோபிக் கணக்கில் சேரும் கருந்துளையின் உட்பகுதிகள்): நேரம் இருந்தால் மட்டும்.

குழுவாக உட்கார்ந்து விவாதிப்பதைவிட, தனியாக ஒரு பலகை முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்ப்பதே மேல் என்பேன். வைவாவில் கையும் வாயும் சேர்ந்து ஓட வேண்டும், அந்தப் பழக்கம் கூட்டத்தில் வராது.